பச்சிளங்குழந்தை சொல்வதைப் புரிந்துகொள்வது எப்படி? கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழாம் மாதம், எட்டாம் மாதம் ஆகிவிட்டால் பிரசவ வலியைப் பற்றிய பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பயமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "பாப்பா அழுதால் எதற்கு அழுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" கர்ப்பிணிகளோடும் புதுத் தாய்மார்களோடும் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, எது உங்களை உறுத்துகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இதையெல்லாம் இப்போதே எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? பிறந்த பிறகு தாய்க்குத் தானாக வந்துவிடாதா?

கொஞ்சம் வரும். மீதியைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும், அந்தச் சில வாரங்களில்தான் உங்களுக்குத் தூக்கமே இருக்காது. தையல் வலி ஒரு பக்கம், பால் கட்டி மார்பு கனப்பது ஒரு பக்கம், ஆளுக்கொரு யோசனை சொல்பவர்கள் ஒரு பக்கம். அந்த நிலையில் புதிதாக ஒன்றைப் படித்து மனதில் வாங்குவது கஷ்டம். இப்போது தெரிந்துகொண்டால், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது "அட, இதைத்தானே படித்தோம்" என்று சட்டென்று பிடிபடும்.

"தாய்க்குத் தானாக வரும்" என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை. அப்படி வராத பெண், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து உடைந்துபோவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அழுகைதானே குழந்தைக்குத் தெரிந்த ஒரே மொழி?

அழுகை கடைசியில் வருவது. அதற்கு முன்னாலேயே குழந்தை உடம்பால் நிறையச் சொல்லிவிட்டிருக்கும், நாம்தான் சத்தம் வந்த பிறகு திரும்பிப் பார்க்கிறோம்.

பசியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து நான்கு நாள் ஆன குழந்தை ஒன்று தூங்குகிறது. முதலில் மூடிய இமைக்குள் கண் உருளும். உதடு லேசாகப் பிரியும், நாக்கு நுனி வெளியே வந்து போகும், சப்புக்கொட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அப்புறம் தலை ஒரு பக்கமாகத் திரும்பும், கன்னத்தில் துணி பட்டால்கூட அந்தப் பக்கம் வாயைத் திறந்து தேடும். இதுவரைக்கும் நிதானமாகத்தான் கேட்கிறது. யாரும் கவனிக்கவில்லை என்றால் கை வாய்க்குப் போகும், விரல்கள் இறுக மூடிக்கொள்ளும், உடம்பை நீட்டி நெளியும், மூச்சு வேகமாகும். அப்போதும் யாரும் வரவில்லை என்றால்தான் சிணுங்கல், முகம் சிவத்தல், வீறிட்டு அழுதல்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் மார்பில் வைத்தால் பல குழந்தைகளுக்குப் பிடிக்கவே வராது. நாக்கு மேலே ஏறியிருக்கும், உடம்பு வில்லாக வளையும், தலையைத் தலையை ஆட்டும். தாய்க்கு உடனே "என் பால் பிடிக்கவில்லையோ, பால் வரவில்லையோ" என்று தோன்றிவிடுகிறது. குழந்தை அழுது களைத்து நிலைகொள்ளாமல் இருக்கிறது, அவ்வளவுதான். நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்திப் பிடித்து, மூச்சு சீரானதும் மறுபடி வைத்துப் பாருங்கள்.

வயிறு நிறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கையைப் பாருங்கள். குடிக்கத் தொடங்கும்போது இறுக மூடியிருந்த விரல்கள், பால் இறங்க இறங்க ஒவ்வொன்றாகத் தளரும், கடைசியில் கை மணிக்கட்டிலிருந்து துணிபோலத் தொங்கும். நெற்றிச் சுருக்கமும் போய்விடும். சப்புவது மெதுவாகி, இடைவெளி நீண்டு, வாய் தானாக விலகும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு கடிகாரம் பார்க்கத் தோன்றாது. முதல் வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிப்பது சாதாரணம். ஐந்தாவது நாள் வாக்கில் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் நன்றாகப் போகிறது, எடையும் ஏறுகிறது என்றால் பால் போதுமான அளவு போகிறது.

கையை வாயில் வைத்தாலே பசியா?

எப்போதும் அல்ல. தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளவும் குழந்தை கையைச் சப்பும். கடைசியாக எப்போது குடித்தது, தலை தேடுகிறதா, உடம்பு இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மார்பில் வைத்துப் பாருங்கள், வேண்டாம் என்றால் குழந்தையே சொல்லிவிடும்.

தூக்கத்தில் முனகுகிறது, முகத்தைச் சுளிக்கிறது, அழுவதுபோலக்கூடச் சத்தம் வருகிறது. உடனே தூக்க வேண்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். இதில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் ராத்திரி, அவள் "ம்ம்" என்று முக்கினாலே எடுத்து மார்பில் வைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள், நான் விடாமல் திறக்கப் பார்த்தேன், அவள் முழுசாக விழித்து அழுதாள், நானும் அழுதேன். விடியும்வரை இதுவே நடந்தது. அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள் என்பதும், ஒவ்வொரு முறையும் எழுப்பியது நான்தான் என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பீட்டர் உல்ஃப் என்ற மருத்துவர் 1950களின் கடைசியில் பச்சிளங்குழந்தைகளின் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து கவனித்து எழுதினார். அந்த வழியில் வந்த டி. பெர்ரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1973இல் ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டார். அதில் குழந்தையின் நிலைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: ஆழ்ந்த தூக்கம், அசைவுள்ள தூக்கம், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, பரபரப்பான விழிப்பு, அழுகை. பச்சிளங்குழந்தை தூங்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி அந்த இரண்டாவது வகை. அதில் கண் உருளும், மூச்சு ஒரே சீராக இருக்காது, கைகால் உதறும், உதட்டில் சிரிப்பு வந்து போகும், முனகலும் ஒரு சின்ன அழுகைச் சத்தமும்கூட வரும். எல்லாம் தூக்கத்துக்குள்ளேயே.

அதனால் சத்தம் கேட்டதும் எழுந்து பக்கத்தில் போங்கள், ஆனால் தொடுவதற்கு முன்னால் பத்து மூச்சு விடும் நேரம் சும்மா பாருங்கள். கண் மூடியே இருந்து, சத்தம் தேய்ந்துகொண்டே போனால் தூக்கம். கண் திறந்து, வாய் தேட ஆரம்பித்து, அசைவு கூடிக்கொண்டே போனால் பசி, அப்போது தாமதிக்காதீர்கள். (எடை குறைந்து பிறந்தவை, குறைமாதக் குழந்தைகள், மஞ்சள் காமாலை உள்ளவை வேறு கணக்கு. கீழே சொல்கிறேன்.)

குழந்தையோடு பேச, விளையாட எது நல்ல நேரம்?

மேலே சொன்ன ஆறில் நான்காவது, அமைதியான விழிப்பு. கண் அகலத் திறந்து பளிச்சென்று இருக்கும், கைகால் அசைவு குறைந்திருக்கும், முகம் முழுக்கக் கவனமாக இருக்கும். பிறந்த முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் பல குழந்தைகள் இந்த நிலையில் இருக்கும், பிறகு நீண்ட தூக்கத்துக்குப் போய்விடும். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் பிறந்ததும் குழந்தையை உங்கள் வெற்று மார்பின்மேல் படுக்கவைக்கச் சொல்லி இப்போதே கேட்டுவையுங்கள். உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைக்கிறது. சிசேரியனாக இருந்தாலும் பல இடங்களில் இது முடியும், ஆனால் முன்கூட்டியே கேட்டிருந்தால்தான் நடக்கும்.

முதல் வாரங்களில் இந்த நிலை ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள்தான் நீடிக்கும். பச்சிளங்குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரமும் ஏறக்குறைய அதுவே. மெதுவாகப் பேசுங்கள், பேசிவிட்டு நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் குழந்தை ஏதாவது ஒன்று செய்யும், புருவம் உயரும், வாய் வட்டமாகும், கால் ஒரு உதை உதைக்கும். அதுதான் அதன் முறை. அது முடிந்ததும் உங்கள் முறை.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று திரும்பிக்கொள்கிறது. என்னைப் பிடிக்கவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நிறையப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். பதில் எளிது, குழந்தை இளைப்பாறுகிறது. ஒரு முகத்தைப் பார்ப்பது அதற்குப் பெரிய வேலை.

மூன்று வாரக் குழந்தையோடு ஒரு தாய் என்னிடம் வந்திருந்தார். குழந்தை அவரைப் பார்த்தது, அவர் சிரித்துப் பேசினார், பத்து விநாடியில் குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பியது. அவரும் அந்தப் பக்கம் குனிந்து "இங்க பாரு, இங்க பாரு" என்றார். குழந்தை கொட்டாவி விட்டது. கிலுகிலுப்பையை ஆட்டினார். விக்கல் வந்தது. கன்னத்தைத் தட்டினார். குழந்தையின் ஐந்து விரலும் விறைத்து விரிந்தன, உள்ளங்கை எங்களை நோக்கி "நிறுத்து" என்பதுபோல நின்றது, அடுத்து அழுகை. ஒரு நிமிடத்துக்குள் அது நான்கு முறை "போதும்" என்று சொல்லிவிட்டது.

அழுகை அடங்கி, சிறிது நேரம் கழித்து மறுபடி அவர்கள் முகம் பார்த்தபோது, குழந்தை திரும்பியதும் ஒன்றும் செய்யாமல் அப்படியே இருக்கச் சொன்னேன். பேசவில்லை, ஆட்டவில்லை, முகத்தை மட்டும் அதே இடத்தில் வைத்திருந்தார். குழந்தை ஜன்னலைப் பார்த்தது, ஒரு பெருமூச்சு, பிறகு தானாகவே திரும்பி அவரைப் பார்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

முகம் திருப்புதல், கொட்டாவி, விக்கல், தும்மல், புருவம் சுருங்குதல், விரல் விரிதல், தோல் நிறம் திட்டுத்திட்டாக மாறுதல், இவையெல்லாம் "அதிகமாகிவிட்டது" என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். வெறும் விக்கலாகவும் இருக்கலாம், பால் குடித்ததும் வரும் விக்கலுக்கு ஒரு அர்த்தமும் தேட வேண்டாம். ஒன்றிரண்டு சேர்ந்து வந்தால், அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். சத்தம், வெளிச்சம், கை மாற்றிக் கை மாற்றித் தூக்குபவர்கள், இவற்றில் ஒன்றைக் குறைத்தாலே பல நேரம் போதும்.

அழுகைச் சத்தத்தை வைத்தே பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே? செயலிகூட இருக்கிறதாமே?

அழுகை முக்கியமாகச் சொல்வது எவ்வளவு அவசரம் என்பதைத்தான். என்ன காரணம் என்பதை அது அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. ஊசி போட்டதும் வரும் அழுகை வேறு மாதிரி இருக்கும், திடீரென்று உச்சத்தில் தொடங்கி, நீளமாகப் போய், மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி வெடிக்கும். பசி அழுகை பெரும்பாலும் சிணுங்கலில் தொடங்கி விட்டுவிட்டு ஏறும். ஆனால் பசியை யாரும் கவனிக்காமல் விட்டால் அதுவும் வலி அழுகைபோல ஆகிவிடும். ஆகவே இந்தச் சத்தம் என்றால் இந்தக் காரணம் என்று அட்டவணை போட்டுக் கற்றுத் தருவதை நான் நம்புவதில்லை, செயலியையும் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் காரணத்தைக் கண்டுபிடிப்பது சத்தத்தோடு சூழ்நிலையையும் சேர்த்துத்தான். பால் குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது, துணி ஈரமா, கழுத்தின் பின்பக்கம் தொட்டால் வியர்த்திருக்கிறதா சில்லென்று இருக்கிறதா, விரலிலோ கால் விரலிலோ ஒரு நூல் சுற்றிக்கொண்டிருக்கிறதா. கடைசியாகச் சொன்னது அபூர்வம்தான், ஆனால் எதற்கும் நிற்காத அழுகையில் கால் விரலைப் பாருங்கள், ஒரு தலைமுடி இறுக்கியிருக்கலாம்.

வயிற்றில் இருக்கும்போதே என் குரல் கேட்குமா? பிறந்ததும் தெரியுமா?

கேட்கும், தெரியும். 1980இல் அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரலும் இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி வைத்தார்கள். தாயின் குரல் வரும் விதத்தில்தான் குழந்தைகள் அதிகம் சப்பின. 2009இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 30 பிரெஞ்சுக் குழந்தைகள், 30 ஜெர்மன் குழந்தைகள், எல்லாம் பிறந்து ஓரிரு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறியது, ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது, அந்தந்த மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கம்போலவே. வயிற்றுக்குள் கேட்ட பேச்சின் ராகம் முதல் அழுகைகளிலேயே வந்துவிடுகிறது.

மணமும் அப்படித்தான். ஒரு வாரம் ஆன குழந்தை தன் தாயின் பால் நனைந்த துணியின் பக்கம் தலையைத் திருப்பும். அதனால் முதல் நாட்களில் மார்பு பக்கம் வாசனைப் பொருள் எதுவும் பூசாமல் இருங்கள்.

அழும்போதெல்லாம் தூக்கினால் பழகிவிடும், கெட்டுப்போய்விடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் பச்சிளங்குழந்தை விஷயத்தில் அது சரியில்லை. "அழுதால் காரியம் நடக்கும்" என்று திட்டம் போடும் அளவுக்கு அதன் மூளை இன்னும் வளரவில்லை. சில்வியா பெல், மேரி எயின்ஸ்வொர்த் இருவரும் 26 தாய்களையும் குழந்தைகளையும் ஒரு வருடம் கவனித்து 1972இல் எழுதினார்கள். ஆரம்ப மாதங்களில் அழுகைக்குச் சீக்கிரம் பதில் கிடைத்த குழந்தைகள் வருடக் கடைசியில் குறைவாகத்தான் அழுதன. சின்ன ஆய்வுதான், ஆனால் நான் பார்ப்பதும் அதைத்தான். 1986இல் வெளியான இன்னொரு ஆய்வில், அழாத நேரத்திலும் குழந்தையைக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. தூக்குங்கள், தைரியமாகத் தூக்குங்கள்.

சாயங்காலம் ஆனால் ஓயாமல் அழும் என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

பல நேரம் குறிப்பிட்ட அர்த்தம் எதுவுமே இல்லை, இதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம். பிரேசல்டன் 1962இல் தாய்மார்களை அழுகை நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லிக் கணக்கெடுத்தபோது, இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறி, பிறகு இறங்கியது. உச்சம் ஆறாவது வாரம், அதுவும் பெரும்பாலும் சாயங்காலமும் இரவின் தொடக்கமும். மூன்று, நான்கு மாதத்தில் பெரிதும் குறைந்துவிடும். இதைப் பிரசவத்துக்கு முன்னாலேயே நாள்காட்டியில் குறித்துவையுங்கள். ஐந்தாவது வாரத்தில் "எல்லாம் மோசமாகிக்கொண்டே போகிறது, நான் ஏதோ தவறு செய்கிறேன்" என்று தோன்றும்போது, அந்தக் குறிப்பு கண்ணில் படும்.

எல்லாம் செய்து பார்த்தும் நிற்கவில்லை, எனக்குக் கோபம் வருகிறது. அப்போது?

குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஐந்து பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கோபத்தில் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். எந்தக் காரணத்துக்கும், யாரும், ஒரு விநாடிகூட உலுக்கக் கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகும் எல்லோரிடமும், அப்பாவிடமும் சேர்த்து, இதை இப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோபம் வருவது தவறில்லை, எல்லோருக்கும் வரும்.

நான் தவறாகப் புரிந்துகொண்டால் குழந்தையைப் பாதிக்குமா?

தூக்கம் வந்த குழந்தைக்குப் பால் கொடுத்தீர்கள், பசித்த குழந்தையைத் தாலாட்டினீர்கள், அது மறுபடி சொன்னது, நீங்கள் மாற்றிச் செய்தீர்கள். இதில் பாதிப்பு எங்கே இருக்கிறது? எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாயும் கைக்குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் படம் எடுத்து ஒவ்வொரு விநாடியாக ஆராய்ந்தார். நன்றாக இருக்கும் ஜோடிகள்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவருக்கொருவர் பொருந்தியிருந்தார்கள். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பச் சேர்வதும்தான். ஒரு முறை தவறினாலும் அடுத்த முறை யாராவது வருகிறார்கள் என்பதை அந்தத் திரும்பச் சேர்தலில்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது.

குழந்தையைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால்?

முதல் நாளே பாசம் பொங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பலருக்கு அது வாரக்கணக்கில் மெல்ல ஊறும். முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் இருண்டே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், குழந்தை சொல்வது எதுவும் மனதில் ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை இருக்கிறது. உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

குறைமாதக் குழந்தையும் இப்படித்தான் சொல்லுமா?

சொல்லும், ஆனால் குரல் மெலிந்திருக்கும். பசி அடையாளம் ஒரு நொடி வந்து மறையும், விழிப்பு சீக்கிரம் முடியும், "போதும்" என்பது மட்டும் மிகச் சீக்கிரம் வரும். தடவிக்கொடுப்பதைவிட உள்ளங்கையால் தலையையும் பாதத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்வது அதற்குப் பிடிக்கும். பேச்சு, தொடுதல், பார்வை மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மருத்துவர்கள் சரி என்றால் நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக்கொள்ளும் கங்காரு முறையை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு செய்யுங்கள்.

அழவே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது. சமர்த்துக் குழந்தைதானே?

முதல் இரண்டு வாரத்தில் இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கவலைதான். போதுமான பால் கிடைக்காத குழந்தையும், மஞ்சள் காமாலை கூடிய குழந்தையும் தூங்கித்தான் வழியும், கேட்பதற்கே அதற்குத் தெம்பு இருக்காது. பிறந்த எடை திரும்ப வரும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுப்பிக் கொடுங்கள். துணியைத் தளர்த்தி, பாதத்தைத் தேய்த்து, நிமிர்த்திப் பிடித்தும் எழவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

எந்த அடையாளத்துக்குக் காத்திருக்கவே கூடாது?

மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அல்லது உடம்பு வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டிருப்பது. பால் குடிக்க மறுப்பது. மூச்சு மிக வேகமாகி விலா எலும்புக்கு நடுவே உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, வலிப்பு, துவண்டு விழுவது, பச்சை நிறத்தில் வாந்தி, உச்சிக்குழி புடைத்திருப்பது, பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிவது அல்லது மஞ்சள் உள்ளங்கை, பாதம் வரை பரவுவது. அழுகை திடீரென்று கீச்சென்று வேறு மாதிரி கேட்டாலும் அப்படித்தான். இதில் யாருடைய யோசனையையும் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

புட்டிப்பால் கொடுத்தால் இந்த அடையாளங்கள் பொருந்துமா?

எல்லாம் அப்படியே. ஒரே ஒரு வித்தியாசம், புட்டியில் பால் தானாக வந்துகொண்டே இருப்பதால் "போதும்" என்பதைத் தவறவிடுவது எளிது. கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, நடுநடுவே புட்டியைத் தாழ்த்தி இடைவெளி கொடுங்கள். கடைசி ஒரு வாய் மிச்சம் இருக்கிறதே என்று ஊட்டி முடிக்காதீர்கள்.

என் கணவருக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. அவரையும் எப்படிக் கொண்டுவருவது?

பொறுமை இல்லை என்பதைவிட, தனியாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதில்லை என்பதே பெரும்பாலும் நிஜம். குழந்தை சிணுங்கியதும் யாராவது அவர் கையிலிருந்து வாங்கிவிடுகிறார்கள். பால் குடித்து முடித்த ஒரு வேளையை முழுக்க அவரிடம் விடுங்கள், ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம். நீங்கள் அடுத்த அறையில் இருங்கள், "அப்படி இல்லை, இப்படி" என்று குரல் கொடுக்காதீர்கள். அவர் கண்டுபிடிக்கும் வழி உங்களுடையதுபோல இருக்காது, இரண்டுமே குழந்தைக்குப் புரியும்.

சரி, பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போதே என்ன பழகலாம்?

வயிற்றில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம். தினமும் ஒரு வேளை இடது பக்கம் படுத்து, எப்போது அசைகிறது, எப்போது அடங்குகிறது, உங்கள் குரலுக்கு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். (அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தது போலத் தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.) இதையே உங்கள் கணவரும் வயிற்றில் கைவைத்துச் செய்யட்டும்.

அப்புறம் ஒரு பயிற்சி. தெரிந்தவர் வீட்டில் பச்சிளங்குழந்தை இருந்தால் அனுமதி கேட்டு, கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். தூக்க வேண்டாம், கொஞ்ச வேண்டாம். ஒரு தாளில், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "பசிக்கிறது", "பிடிக்கவில்லை", "கோபம்" என்று எழுதக் கூடாது. "வலது கை மூடியிருக்கிறது. இமை துடிக்கிறது. வாய் திறந்து மூடியது. தலை இடது பக்கம் திரும்பியது. ஒரு பெருமூச்சு." இப்படி. என் வகுப்பில் எல்லோருமே முதல் வரியிலேயே "பசி" என்று எழுதிவிடுவார்கள். அதை அடித்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்வேன். இரண்டாவது தாள் எப்போதும் முதல் தாளைவிட மூன்று மடங்கு நீளமாக வரும்.